பதினோரு வாரம், 22 மாத்திரை மிச்சம்: மருத்துவரிடம் சொல்லிவிடலாமா?

மிச்சக்கணக்கு (கேள்வி, செவ்வாய்)

நேற்று இரவு மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் கொட்டி எண்ணினேன். மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. தொடங்கி நேற்றோடு பதினோரு வாரம், அதாவது 77 நாள். இதுவரை வாங்கியது எட்டு அட்டை, 80 மாத்திரை. மூன்று மிஞ்ச வேண்டும். மிஞ்சியிருப்பது 22. மறுபடி எண்ணிப் பார்த்தேன். அதே 22.

வேண்டுமென்று நிறுத்தவில்லை. முதல் இரண்டு வாரம் குமட்டல் பிடுங்கி எடுத்தது, அப்போதுகூட ஒழுங்காகத்தான் போட்டேன். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் காலை சவரம் செய்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பாடுகிறேன் என்பதே பாட்டு முடிந்த பிறகுதான் உறைத்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! அதிலிருந்துதான், ‘இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தோன்றும் நாட்களில் மாத்திரையை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சில நாட்களில் தலையைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வது போல இருக்கிறது. நேற்று அலுவலகத்தில் மாத்திரை போட்ட பிறகும் மதியம் வரை அப்படித்தான். இந்த மருந்தே வேண்டாம் என்று வெறுத்துப்போகிறது.

போன முறை மருத்துவர், “தினமும் போடுகிறீர்களா?” என்று கேட்டு முடிப்பதற்குள் “போடுகிறேன்” என்று சொல்லிவிட்டேன். முன்னேற்றம் போதவில்லை, அடுத்த முறை 20 ஆக்கலாம் என்றார். அந்த அடுத்த முறை வரும் வியாழன். எல்லோரும் இப்படித்தானா, நான் மட்டும்தானா? உண்மையைச் சொன்னால் என்ன நினைப்பார்?

மூன்று முறை விட்டவன்

நீங்கள் மட்டும் என்றால் எனக்கு இந்தப் புனைபெயர் வந்திருக்காது. அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்து தொடங்கியவர்களைப் பற்றி 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் மாதத்துக்குள்ளேயே நூற்றுக்கு 42 பேர் நிறுத்தியிருந்தார்கள். மூன்று மாதத்தைத் தாண்டித் தொடர்ந்தவர்கள் 28 பேர்தான். இது நம் நோய்க்கு மட்டும் உள்ள சாபமும் இல்லை. நீண்டகால நோய்கள் அனைத்துக்கும் சேர்த்து, வளர்ந்த நாடுகளிலேயே மருந்தைச் சொன்னபடி எடுப்பது சராசரியாகப் பாதி அளவுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

நான் முதலில் விட்டது ஒன்பதாம் நாள். குமட்டல் முதல் நாளே வந்துவிட்டது, பலனைக் காணோம். இந்த மருந்துகள் வேலையைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், தொந்தரவு மட்டும் முன்கூட்டியே வந்து நிற்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டாவது முறை விட்டது நான்காம் மாதம், குணமாகிவிட்டதாக நினைத்து. பத்து வாரத்தில் மறுபடி படுக்கையில் கிடந்தேன். மூன்றாவது முறையைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்கிறது, விடுங்கள்.

ஆனால் அந்த முறை சொன்ன பொய்யை மட்டும் சொல்கிறேன். செர்ட்ராலின் 50 எழுதியிருந்தார்கள். நான் வாரத்தில் இரண்டு நாள் போட்டுவிட்டு “தினமும்” என்றேன். 50 வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி 100 ஆக்கினார்கள். அன்று ரோஷம் வந்து, மறுநாளிலிருந்து 100ஐ ஒரு நாள் விடாமல் போட்டேன். வயிறு கலங்கி, கை நடுங்கி, மூன்று இரவு தூக்கமே இல்லை. மருத்துவர் கணக்கில் தவறில்லை, நான் கொடுத்த எண்தான் தவறு. வியாழக்கிழமை நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்த 20க்கும் இதே கதைதான்.

மருந்தாளுநர்

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கணக்கு இடிக்கிறது. 77 நாளில் 58 மாத்திரை போட்டிருக்கிறீர்கள், 19 தவறியிருக்கிறது. ஆறாவது வாரம் வரை ஒழுங்கு என்றால், மிச்சமுள்ள ஐந்து வாரத்தில், அதாவது 35 நாளில், பாதிக்கு மேல் போடாமல் இருந்திருக்க வேண்டும். அப்படியா? எந்தெந்தக் கிழமை தவறுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் விற்பனைப் பதிவைப் பார்த்தால் நீங்கள் முன்மாதிரி நோயாளி. 77 நாளுக்கு 80 வாங்கியிருக்கிறீர்கள். ஆய்வுகள் பலவற்றிலும் இந்த வாங்கிய கணக்கைத்தான் பார்க்கிறார்கள். 80 சதவீத நாட்களுக்கு மருந்து கையில் இருந்தால் ‘ஒழுங்காக எடுப்பவர்’ பட்டியலில் சேர்ந்துவிடலாம். வாங்கியதை விழுங்கினார்களா என்று அட்டைக்குத்தான் தெரியும்.

மண்டைக்குள் மின்சாரம்: அதை மருந்தின் குற்றம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இந்த வகை மருந்துகள் திடீரென்று விடுபடும்போது வருகிற தலைசுற்றலும் ‘ஷாக்’ உணர்வும் பலருக்கும் தெரிந்தவை. எஸ்சிட்டலோபிராம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விட்டால் உடம்பு கேள்வி கேட்கலாம். பாராக்செட்டின், வென்லாஃபாக்சின் என்றால் இன்னும் சீக்கிரம் கேட்கும். ஃபுளூக்செட்டின் பல நாள் உடம்பில் தங்குவதால் ஒரு நாள் மறந்தால் பெரும்பாலும் தெரியாது. தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு போட வேண்டாம்.

கூடப் பிறந்தவள்

தம்பி, நான் நோயாளி இல்லை, நோயாளியின் அக்கா. என் தம்பி மாத்திரை போடுகிறானா என்று தினமும் அட்டையில் ஓட்டைகளை எண்ணினேன். ஓட்டைக் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. எட்டாவது வாரம் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தால் பைக்குள் வெள்ளையாகக் களிம்பு மாதிரி ஒட்டியிருக்கிறது. பிதுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு என் எதிரில் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறான்.

அன்று கத்தித் தீர்த்தேன். இரண்டு நாள் கழித்து அவனே சொன்னான்: மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து மனைவியிடம் நெருங்க முடியவில்லை, அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு தனியாக மருத்துவரிடம் போய்ப் பேசினான், மருந்தை மாற்றினார்கள். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் யாரும் எண்ணவில்லை, நீங்களாகவே எண்ணியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

மெல்ல இறங்கியவர்

ஒரு மாற்றுக் கருத்து. இங்கே எல்லோரும் ‘விடாதே’ என்றே பேசுகிறீர்கள். காலம் முழுக்கப் போட வேண்டியவர்கள் சிலர் உண்டு, எல்லோரும் இல்லை. முதல் முறை நோய் வந்தவர்கள் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், பிறகு பேசி முடிவு செய்யலாம் என்பதுதான் பொதுவான வழக்கம். நான் பதினான்கு மாதம் போட்டேன், மருத்துவரிடம் சொல்லியே ஐந்து மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாக இறக்கினேன். கடைசிப் படிகள்தான் கடினம், அங்கே அவசரப்படக் கூடாது.

தொடர்வதில் லாபம் உண்டு என்பதை மறுக்கவில்லை. 31 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வந்த கட்டுரையில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 41 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்: நிறுத்தியும் திரும்பாதவர்கள் பாதிக்கு மேல். நிறுத்துவது குற்றமில்லை. சொல்லாமல், தாறுமாறாக, நாள் விட்டு நாள் நிறுத்துவதைத்தான் உடம்பு தாங்காது.

மிச்சக்கணக்கு (புதன்)

மருந்தாளுநர் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மாத்திரை இருப்பது அலுவலகப் பையின் முன் அறையில். காலை இருக்கையில் உட்கார்ந்து கணினி விழித்துக்கொள்ளும் நேரத்தில் போடுவேன். பையை வெள்ளி மாலை கதவுக்குப் பின்னால் மாட்டினால் திங்கள் காலைதான் எடுப்பேன். பதினோரு வாரத்தில் சனியும் ஞாயிறும் 22 நாள். தவறியது 19.

அந்த மின்சாரமும் திங்கட்கிழமைகளில்தான் வருகிறது. ‘நன்றாக இருக்கும் நாட்களில் விடுகிறேன்’ என்று பெருமையாக எழுதினேனே, அந்த நல்ல நாட்கள் என்பவை விடுமுறை நாட்கள். அலுவலகம் இல்லாததால் நன்றாக இருந்திருக்கிறேன்! அந்த மூன்று நாள் எப்படிப் போட்டேன் என்பதுதான் புரியவில்லை. சனிக்கிழமையும் வேலைக்குப் போயிருப்பேன் போலிருக்கிறது.

மூன்று முறை விட்டவன்

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அங்கே போய் உட்கார்ந்தால் “போடுகிறேன்” என்ற சொல் தானாக வாயில் வந்து நிற்கும்.

மிச்சக்கணக்கு (சனி)

தாளை நீட்டினேன். மருத்துவர் படித்தார், அட்டைகளைக் கேட்டு வாங்கி அவரும் எண்ணினார். திட்டவில்லை. “திங்கட்கிழமைத் தலைசுற்றலை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், ஏற்கெனவே எழுதி வைத்திருந்த 20ஐ அடித்து 10 என்று எழுதிவிட்டார். ஆறு வாரம் நாள் தவறாமல் போட்டுவிட்டு வரச் சொன்னார், மருந்து போதுமா போதாதா என்று அப்போதுதான் தெரியுமாம்.

ஓர் அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் குளியலறைக் கண்ணாடியின் கீழே, சவரக்கத்திக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்று காலை போட்டாகிவிட்டது. மிச்சம் 17.