கொடுவா மீனுக்கு எந்த லூர் (செயற்கை இரை)? சேலத்துக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஐந்துரோடு காஸ்டர்:

சேலத்துல உக்காந்துக்கிட்டு கடல் மீன் பேசுறான் பாருன்னு சிரிக்காதீங்க. நம்ம ஊர்ல இருந்து கொடுவாவுக்குப் போற கூட்டம் இப்ப நல்லாவே கூடிப்போச்சு. சனிக்கிழமை ராத்திரி கிளம்பி ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம்னு ஓட்டி, விடியறதுக்குள்ள பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துல நிக்கிற ஆளுங்க இங்கயே பல பேர் இருக்கீங்க. "நல்ல லூர் சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லாரும் கம்பெனி பேரை அடுக்குறாங்க. அது வேண்டாம். எந்தத் தண்ணியில, எப்படி ஓட்டினப்ப, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். பொங்கல் முடிஞ்ச சமயம். மழை வெள்ளம் வடிஞ்சு வெள்ளாத்துத் தண்ணி பழுப்பு போய் பச்சைக்குத் திரும்பியிருந்துச்சு. விடியக்காலை வத்தம், அதாவது தண்ணி கடல் பக்கம் இறங்குற நேரம். பக்கத்துல இருந்து ஒரு சின்ன ஓடை பெரிய ஆத்துல விழுற மூலை. ஓடைத் தண்ணியோட மடவைக் குஞ்சும் இறாலும் இறங்கி வரும், கொடுவா அந்த மூலைக்குக் கீழ எதிர்நீச்சல் போட்டபடி காத்துக்கிட்டு நிக்கும். கட்டியிருந்தது 11 செ.மீ. மின்னோ, அதாவது சின்ன மீன் வடிவ லூர். முன்னாடி லூரை ஆழத்துக்கு இறக்குற குட்டித் தகடு (லிப்), ஒரு மீட்டருக்கு மேல ஆழம் போகாது. ஓடைக்கு மேல் பக்கமா எறிஞ்சு, தண்ணி இழுக்குற போக்குலயே விட்டு, ராடால ரெண்டு வெட்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். நிறுத்தினா லூர் மெல்ல மேல எழும்பும். எழும்பிக்கிட்டு இருக்கும்போதுதான் மீன் அடிச்சுது. இழுக்கும்போது ஒரு தடவைகூட தொடலை.

மீன் வெளியே எகிறி, செவுளை விரிச்சு தலையை உதறுச்சு. கரைக்கு வந்தப்ப பார்த்தா பின் பக்க ட்ரெபிள் ஹூக்குல (மூணு முள்ளு ஹூக்) ஒரு முள்ளு நிமிந்து கிடக்கு, வயித்துப் பக்கம் ஹூக்கை மாட்டுற ஸ்பிளிட் ரிங் வளையம் வாயைத் திறந்திருக்கு. அரை மீட்டர் மீனுக்கே இந்தக் கதி. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு ஹூக்கையும் தடியானதா மாத்தினேன். மாத்தினதுக்கப்புறம் அதே லூர் வேற மாதிரி நடந்துக்குது. மேட்டூர் பக்கம் போட்டுப் பார்த்தா மூழ்குது. இது யாருக்காவது புரியுதா?

ஆத்தூரான்:

முதல்ல ஒரு விஷயம் அண்ணா. நீங்க நிக்கிற வெள்ளாறு எங்க ஊருத் தண்ணிதான். ஆத்தூர் வழியா ஓடுற வசிஷ்ட நதிதான் போய் வெள்ளாறாகி பரங்கிப்பேட்டையில கடல்ல விழுது. ஆத்தூர்ல நல்ல மழைன்னு வாட்ஸ்அப்ல படம் வந்தாலே, அந்த வாரம் முகத்துவாரம் கலங்கல்தான்னு வண்டியை எடுக்க மாட்டோம்.

கலங்கல் முழுசா வடியாத ஒரு சமயம் போயிட்டேன். மின்னோ எறிஞ்சு எறிஞ்சு கை ஓஞ்சதுதான் மிச்சம். அப்புறம் 5 இஞ்ச் பேடில் டெயில் சாஃப்ட் (துடுப்பு வால் வச்ச மெத்து லூர்), கரும்பச்சை, 14 கிராம் ஜிக் ஹெட் (கனமான தலை வச்ச ஹூக்). அடியத் தொட விட்டு, ராடைத் தூக்கி, திரும்ப விழ விடணும். விழும்போது நூல் லேசா தளர்ந்துச்சுன்னா ராடை வெட்டி இழுத்து முள்ளை ஏத்திடணும். கலங்கல்ல கொடுவா கண்ணை விட உடம்பால தேடுதுன்னு நினைக்கிறேன், வால் அடிக்கிற அதிர்வுதான் வேலை செஞ்சுது. பேத்தை மீன் மட்டும் இல்லைன்னா சாஃப்ட் மாதிரி வராது. வாலை மட்டும் கத்திரியில வெட்டின மாதிரி கடிச்சுட்டுப் போயிடும். பாக்கெட் காலியாகுற வேகத்துக்கு மீன்கடையிலயே ஒரு கொடுவா வாங்கியிருக்கலாம்.

ஏற்காடு அடிவாரம்:

தம்பி ஐந்துரோடு, உங்க கேள்விக்கு எங்க வீட்டு பக்கெட்டுல பதில் இருக்கு.

கடல் தண்ணி நல்ல தண்ணியை விடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். 20 கிராம் எடையில, நல்ல தண்ணியில அந்தரத்துல நிக்கிற லூரை எடுத்துக்குங்க. அதைக் கடல்ல போட்டா சுமார் அரை கிராம் அளவுக்கு மேல தள்ளும். அதனாலதான் அது நிறுத்தினப்ப எழும்புச்சு. நீங்க தடி ஹூக் மாத்தினதுல எடை கூடிடுச்சு, மேட்டூர்ல மூழ்குது. அதே லூரைக் கடலுக்குக் கொண்டுபோனா அநேகமா அந்தரத்துல நிக்கும், இல்லைன்னா ரொம்ப மெல்ல இறங்கும். நம்ம மலைத் தண்ணியிலயும் ஏரியிலயும் சரிபார்த்த லூர் கடல்ல வேற லூர். சேலத்துக்காரன் லூரைப் பத்திப் பேசும்போது முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது இதுதான்.

நான் செய்யறது: பக்கெட்டுல 10 லிட்டர் தண்ணி, 350 கிராம் கல்லுப்பு, நல்லா கரையுற வரைக்கும் கலக்கணும். அது கிட்டத்தட்ட கடல். லூரை லீடரோட (லூருக்கு முன்னாடி கட்டுற தடி நூல்), ஸ்னாப்போட (லூரை மாட்டுற கொக்கி), போடப்போற ஹூக்கோட விட்டுப் பார்ப்பேன். சும்மா லூரை மட்டும் விட்டா கணக்கு தப்பும். வேகமா மேல வந்தா, ரேடியோ ரிப்பேர் கடையில கிடைக்கிற சால்டரிங் ஈயக் கம்பியை முன் ஹூக் தண்டுல நெருக்கமா சுத்துவேன். ஒரு சுத்து கூட்டி, ஒரு சுத்து குறைச்சு, மூக்கு லேசா கீழ சாஞ்சு, மூச்சு விடுற வேகத்துல எழும்புற அளவுக்குக் கொண்டுவரணும். நம்ம வீட்டம்மா இதுக்குப் பேரே வச்சுட்டாங்க, "ஊறுகாய் போடுறாரு"ன்னு.

முகத்துவாரத்துல இன்னொரு சிக்கல். கோடையில அங்க தண்ணி கடல் மாதிரியே உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில ஆத்துத் தண்ணி தள்ளிக்கிட்டு வந்தா பாதி நல்ல தண்ணி. அப்ப கோடைக்குச் சரிபண்ணின லூர் மூழ்கிடும். அதனால ஒரே மாடல்ல ரெண்டு வச்சிருக்கேன், ஒண்ணு ஈயத்தோட, ஒண்ணு ஈயம் இல்லாம. கலர் கலரா பத்து வாங்குறதுக்கு இது மேல்.

மூக்கனேரி விரால்:

கலரை அப்படித் தள்ளிட முடியாது ஐயா. தண்ணி தெளிவா இருந்த அன்னிக்கு வெள்ளி முதுகு லூருக்கு ரெண்டு அடி, பக்கத்துல நின்ன நண்பரோட பச்சை மஞ்சளுக்கு ஒண்ணுமே இல்லை. ரெண்டு பேரும் ஒரே மாடல், ஒரே ஓட்டம்.

நான் ஏரியில விராலுக்கு ஃப்ராக் (தவளை வடிவ லூர்) போட்டுப் பழகினவன். பாசி மேல தவளையை நடத்தி, விரால் அடிச்சதும் ஒரு மூச்சு பொறுத்து வெட்டணும். இல்லைன்னா வாயில இருந்து உருவிக்கிட்டு வந்துடும். அதே பழக்கத்துல கொடுவாவுக்குப் பொறுத்தா, நமக்குக் கிடைக்கிறது தண்ணிச் சத்தம் மட்டும்தான். அது கடிக்கிற மீன் இல்லை, வாயைத் திறந்து தண்ணியோட சேத்து உறிஞ்சுற மீன். பிடிக்கலைன்னா உறிஞ்சின வேகத்துலயே துப்பிடும். லூர் தண்ணிக்குள்ள இருந்தா உடனே வெட்டுறேன் இப்ப.

ஆத்தூரான்:

தண்ணி மேல ஓடுற பாப்பர், பென்சில் மாதிரி டாப்வாட்டர் லூர்லயும் உடனே வெட்டுனீங்கன்னா போச்சு. சத்தத்துக்கு வெட்டக் கூடாது, கனத்துக்கு வெட்டணும். "பூஃப்"னு ஒரு குழி விழும், லூர் அங்கயே மிதக்கும், நம்ம கை முந்திக்கும். நூல்ல கனம் தெரியுற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்கு மனசு வேணும்.

மூக்கனேரி விரால்:

அது சரிதான், டாப்வாட்டருக்கு ஒத்துக்கிறேன். கலர் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன்.

பரங்கிப்பேட்டை மாப்ள:

சேலத்து மாமாங்க எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு எடுத்தது அஸ்தம்பட்டியில, அதனால இங்க பேச எனக்கு உரிமை இருக்கு.

நீங்க லூரைப் பத்தி இவ்வளவு பேசுறீங்க, நேரத்தைப் பத்தி யாரும் பேசலை. எங்க பக்கம் ஏத்த வத்தம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால தண்ணி ஓட்டம் இருக்கிற நேரம் ரொம்ப முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல ஓட்டம் நல்லா இருக்கும், அஷ்டமி, நவமியில சோம்பிக் கிடக்கும். சோம்பின தண்ணியில எந்த லூரும் ஒண்ணுதான். லீவு கிடைக்குதேன்னு வராம பஞ்சாங்கத்தைப் பார்த்துட்டு வாங்க.

அடுத்தது, தூணும் மரமும். படகுத்துறைத் தூண்ல சிப்பி ஒட்டியிருக்கும், பிரெய்டு (பின்னல்) நூல் பட்டா நிமிஷத்துல போச்சு. 30 பவுண்ட் பிரெய்டுக்கு 40 பவுண்ட் லீடர், ஒரு மீட்டருக்குக் குறையாம. கொடுவாவுக்குப் பல்லு பெரிசா இல்லை, அரம் மாதிரி சொரசொரப்புதான், ஆனா செவுள் மூடி ஓரம் பிளேடு. நூலையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். செவுளுக்குள்ள கை விட்டுத் தூக்குற வேலை வேண்டாம், மீன் வாயைக் கவ்விப் பிடிக்கிற லிப் கிரிப் வச்சுக்குங்க.

அலையாத்திக் காட்டுல இருக்கிற தில்லை மரத்துல லூர் மாட்டினா வெட்டி இழுக்காதீங்க. கிளை ஒடிஞ்சா பால் சொட்டும், கண்ணுல பட்டா பெரிய அவஸ்தை. கிட்டப் போய் பொறுமையா கழட்டுங்க, அப்புறம் கையைக் கழுவாம முகத்தைத் தொடாதீங்க. பிச்சாவரம் காடு வனத்துறையோடது. அனுமதி இல்லாம தூண்டிலோட உள்ள போகாதீங்க. நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க, பேச்சு வாங்குறது நாங்க.

எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் லூர் பக்கமே போக மாட்டார். உயிர் இறால், கையில நூல், அவ்வளவுதான். விடியறதுக்குள்ள ரெண்டு கொடுவா கூடையில இருக்கும். என் 700 ரூபா லூரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கண்ணு நல்லா வரைஞ்சிருக்கான்"ன்னு மட்டும் சொன்னார்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்பூன்:

நமக்குத் தொழில் கொலுசு பாலிஷ். அதனால ஸ்பூன் லூர், அதாவது கரண்டி மாதிரி வளைஞ்ச உலோகத் தகடு லூர் பத்தி மட்டும் பேசுறேன். உப்புத் தண்ணியில ரெண்டு தடவை நனைஞ்ச ஸ்பூன் மங்கிடும். பட்டறையில பஃப் சக்கரத்துல ஒரு நிமிஷம் காட்டினா புதுசு. ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு, மறுபக்கத்தை மங்கலாவே விட்டா, விழும்போது மின்னி மறையுது. அது ரெண்டு பக்கமும் பளபளன்னு இருக்கிறதை விட நல்லா எடுக்குது. எதிர்காத்துல முகத்துவாரத்துல தூரம் எறிய ஸ்பூனை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அதுல வந்தது முக்கால்வாசி பாரைதான், கொடுவா எப்பவாவது.

கையால செய்யறதைக் கேவலமா நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு: ரபாலா லூர் கம்பெனியோட முதல் லூரை 1936-ல பின்லாந்துல லவ்ரி ரபாலா தக்கையைச் செதுக்கித்தான் செஞ்சார். மேல ஒட்டினது சாக்லேட் சுத்தின பளபளப்புத் தாள். அடிபட்ட சின்ன மீன் கோணிக்கிட்டு நீந்துறதைப் பார்த்து அதே கோணலைக் கொண்டுவந்தார். ஏற்காடு அடிவாரம் ஐயா ஈயம் சுத்துறதும் அந்த வழிதான்.

ஏற்காடு அடிவாரம்:

நன்றி தம்பி. பெரிய மீன் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். கொடுவா சின்னதுல ஆண், வளர்ந்து சுமார் 80 செ.மீ.யில இருந்து ஒரு மீட்டர் ஆகுறதுக்குள்ள பெரும்பாலும் பெண்ணா மாறும். அப்ப நமக்குக் கிடைக்கிற ராட்சசக் கொடுவா எல்லாம் அநேகமா முட்டையிடுற தாய். சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கொடுவாவைப் பண்ணையில முட்டையிட வைக்கிறதுல 1997-லதான் ஜெயிச்சது. ஆத்துல அது தானா நடக்குது, அந்தத் தாய் மீனை விட்டு வச்சா. குழம்புக்கு நடுத்தரம் போதும், ருசியும் அதுலதான். விடுறதுன்னு முடிவு பண்ணினா ட்ரெபிள் முள்ளுல பின்னோக்கி நிக்கிற எதிர்முள்ளை ப்ளையர்ல நசுக்கிட்டுப் போடுங்க, கழட்டறது சுலபம். நம்ம கையில ஏறினாலும் சுலபம்.

மூக்கனேரி விரால்:

ராத்திரி லூர் யாராவது? ஹெட்லைட் அடிச்சா அது கண்ணு நெருப்புத் துண்டு மாதிரி சிவப்பா தெரியுது. பார்த்துட்டேன், ஆனா அடிக்கலை.

பரங்கிப்பேட்டை மாப்ள:

லைட்டை அடிச்சா எப்படி அடிக்கும் மச்சான். முடிச்சு போட மட்டும் லைட், அதுவும் தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. ராத்திரிக்கு நான் கறுப்பு போடுவேன், கீழ இருந்து பார்க்கிற மீனுக்கு வானத்துக்கு எதிரா உருவம் தெரியும். ரொம்ப மெதுவா ஓட்டணும்.

ஐந்துரோடு காஸ்டர்:

பக்கெட் வேலையை ராத்திரியே பண்ணிப் பார்த்துட்டேன் ஐயா. நீங்க சொன்னபடியே, தடி ஹூக்கோட உப்புத் தண்ணியில அப்படியே அந்தரத்துல நிக்குது. முன்னாடி மாதிரி எழும்பணும்னா வயித்து ஹூக்கை மட்டும் ஒரு சைஸ் சின்னதா, அதே தடிமன்ல போடலாம்னு இருக்கேன்.

புதுசா வர்றவங்களுக்கு: திரும்பி வந்ததும் லூரை நல்ல தண்ணியில ஊற வச்சுக் காயவைங்க, பெட்டிக்குள்ள ஈரத்தோட மூடாதீங்க. சாஃப்டைக் கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க, நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு எல்லாம் ஒண்ணா உருகி அல்வாதான். மாப்ள, ஒரு கேள்வி: அமாவாசை ஓட்டத்துல ஜிக் ஹெட் 14 கிராம் போதுமா, 20 எடுத்துட்டு வரணுமா?

பரங்கிப்பேட்டை மாப்ள:

ஓடை மூலையில 10 கிராமே போதும் மாமா. எறிஞ்சு அடியத் தொட்டதும் ரெண்டு தூக்கு தூக்குங்க. மறுபடி அடி தட்டலைன்னா மட்டும் 14-க்கு மாத்துங்க. 20 எல்லாம் முகத்துவார நடுவுல, அங்க நிக்கிறது பாரை.