வயிற்றில் வைத்த மலப் பையை எடுத்துக் குடலை மீண்டும் இணைக்கும் அறுவை: செய்துகொள்ளலாமா?

கேள்வி (ஏற்காடு)

வணக்கம். எனக்கு வயது 51. காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். 7 மாதங்களுக்கு முன் பெருங்குடல் முறுக்கிக்கொண்டு அழுகியதால், சேலத்தில் அவசர அறுவை செய்து அந்தப் பகுதியை நீக்கி, இடப்பக்க வயிற்றில் மலம் வெளியேறத் துளையிட்டுப் பை வைத்தார்கள். இனி இணைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். பையோடு பழகிவிட்டேன், ஆனாலும் சேலத்திலிருந்து திரும்பும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிப்பதற்குள் பை காற்றால் உப்பிச் சட்டைக்கு மேலே தெரியும், பேருந்தில் ஒரு கையால் மறைத்தபடியே வருவேன். மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டுமா என்று மனைவி அழுகிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (அம்மாப்பேட்டை, சேலம்)

அண்ணா, எனக்கும் இதே முறுக்குதான், இதே அறுவைதான். ஒன்பதாம் மாதத்தில் இணைத்தார்கள். இது சிறிய வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். துண்டித்து மூடிய மலக்குடல் முனையை உள்ளே தேடி எடுத்து இணைக்க வேண்டியிருப்பதால், முதல் அறுவைக்கு நிகரான பெரிய அறுவை இது. இணைப்பு ஆறும்வரை வலப்பக்கத்தில் தற்காலிகமாக இன்னொரு பை வைக்கவும் நேரலாம். அதை முன்கூட்டியே கேட்டு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், ஏனெனில் தையல் ஆறுவதை அது கெடுக்கும்.

அறுவைக்குப் பின் நான்காம் நாள்தான் எனக்குக் காற்றுப் பிரிந்தது. அன்று வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி. அதற்குப் பின் வந்த நாட்களே கடினமானவை. நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை, அடக்கவே முடியாத அவசரம். ஆசனவாய்த் தோல் புண்ணாகி, வெந்நீரில் உட்கார்ந்து துத்தநாகக் களிம்பு பூசினால்தான் தூங்க முடிந்தது. குழைந்த சோறும் மோரும் இட்லியுமாக ஓட்டினேன். ஆசனவாயை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்காமல் விட்டது என் பிழை. குழித்தறியில் அமர்ந்து மிதி மிதிக்க எனக்கு மூன்று மாதமாயிற்று. நீங்களும் அதுவரை காப்பி மூட்டையைத் தொடாதீர்கள், வடு வழியே குடலிறக்கம் வந்துவிடும்.

இன்னொன்று: முதல் இரண்டு வாரம் மலை ஏறாமல் சேலத்திலேயே தங்குங்கள். இணைப்பில் கசிவு ஏற்பட்டால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் தெரியும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, படபடப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மறுமொழி (அஸ்தம்பட்டி, சேலம்)

என் தந்தைக்கு 76 வயது. இதயம் பலவீனம், ஆசனவாய்த் தசையும் தளர்ந்திருந்தது. இணைத்தாலும் மலத்தை அடக்க முடியாது என்று மருத்துவர் விளக்கியதால், பையையே நிரந்தரமாக வைத்துக்கொண்டோம், நிம்மதியாக இருக்கிறார். ஆகவே, அந்தத் தசையின் வலிமையைச் சோதித்தார்களா, கீழ்முனைக்கு மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். உங்கள் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய அச்சத்துக்கு மருத்துவர் வாயால்தான் விடை கிடைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தசைச் சோதனை இன்னும் செய்யவில்லை; அடுத்த வாரம் மனைவியோடு சென்று கேட்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால், பழம் பறிப்பு முடிந்ததும் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். கன்னங்குறிச்சியில் தங்கை வீடு இருக்கிறது. கழிப்பறையை ஒட்டிய அறையை இப்போதே ஒழித்து வைப்பதாகச் சொல்லிவிட்டாள்.