அப்பாவுக்கே வேற்று முகம்

ராமேசுவரத்திலிருந்து, பதினான்கு மாத ஆண் குழந்தையின் அம்மா:

பெற்ற பிள்ளை தகப்பனைப் பார்த்து வீறிட்டு அழுதால் அந்த வீட்டில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பேசினார்கள்.

என் கணவர் விசைப்படகில் போகிறவர். இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் விடியலில்தான் கரை. மீனை இறக்கி, கணக்குப் பார்த்து, வீட்டுக்கு வந்து படுத்தால் எழுந்திருக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். அவர் விழித்திருக்கும் நேரம் இவன் தூங்குவான். இவன் விழித்திருக்கும் நேரம் அவர் தூங்குவார். எட்டு மாதம் வரை யார் தூக்கினாலும் சிரித்தவன், திடீரென்று வேற்று முகம் பார்க்கத் தொடங்கினான். பக்கத்து வீட்டு மதினியிடம் தாவிப் போகிறான். அப்பா கையை நீட்டினால் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு ஊரைக் கூட்டுகிறான்.

மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வராவிட்டால்தான் கண்ணேறு என்பார்கள். போட்டதோ நம்மூர் முண்டு மிளகாய். வீடே இருமியது. ஆகவே கண்ணேறு இல்லை, அப்பாவைத்தான் பிடிக்கவில்லை என்று முடிவானது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "டீசல் வாடைக்கு அழுகிறான் போல" என்று மறுபடியும் குளிக்கப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதம் எங்களுக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்தான். இந்த வருடம் மட்டும் நான் உள்ளுக்குள் காலண்டரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் குழந்தையைக் கொஞ்சவே முயலவில்லை. திண்ணையில் வலையை விரித்துப் போட்டுக் கிழிசலைப் பின்ன உட்கார்ந்துவிட்டார். ஊசியில் நூலைச் சுற்றுவார், கண்ணியைக் கோப்பார், நிமிர்ந்தே பார்க்க மாட்டார். ஒரு மிதவையை மட்டும் காலால் மெல்ல உருட்டி விடுவார். அது நிலைப்படி வரை உருண்டு வந்து நிற்கும். முதல் வாரம் இவன் என் பின்னால் நின்று பார்த்தான். அடுத்த வாரம் தவழ்ந்து போய் மிதவையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அதன்பின் மிதவையை அவர் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பி வருகிறதா என்று காத்திருந்தான். வலையில் ஒட்டியிருந்த மணலையும் வழித்துத் தின்றான். மண் தின்பது அவனுக்கு நுங்கு தின்பது மாதிரி, அதை விடுங்கள்.

இவ்வளவுக்கும் மடியில் ஏறவில்லை. அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டது தடுப்பூசி. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு மூவருமாகப் போனோம். கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டது நான். ஊசி இறங்கியதும் நர்சைப் பார்த்து அழவில்லை, என்னைப் பார்த்து அழுதான். துரோகம் செய்துவிட்டாளே என்கிற பார்வை. நான் அணைக்கப் போனால் தள்ளினான். பக்கத்தில் நின்ற அப்பாவிடம் இரண்டு கையையும் நீட்டிவிட்டான். அவருக்குத் தூக்கக்கூடத் தோன்றவில்லை. "தூக்குங்கள்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று இரவு தூளியை அவரே ஆட்டினார். பாடியது தாலாட்டு இல்லை, அம்பா, வலை இழுக்கும்போது மீனவர்கள் பாடுகிற பாட்டு. விசைப்படகில் வலையை இயந்திரம் இழுத்துவிடுகிறது, அம்பாவுக்கு அங்கே வேலை இல்லை. சிறு வயதில் தாத்தாவோடு கரைவலைக்குப் போனபோது காதில் விழுந்ததாம். கயிற்றை வலித்து இழுக்கும் இடத்தில் தூளி ஒரு பக்கம் போகும். மூச்சு விடும் இடத்தில் திரும்பி வரும். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். நான் ஒன்பது மாதமாகப் பாடிய பாட்டுக்கெல்லாம் என்ன மரியாதை என்று கேட்காதீர்கள்.

உங்கள் வீடுகளில் எப்படி?

கீழக்கரையிலிருந்து, இரண்டு வயதுப் பெண் குழந்தையின் உம்மா:

லாத்தா, உங்களுக்காவது ஆள் வீட்டில் தூங்கினார். என் மகளுக்கு வாப்பா என்றால் கைப்பேசி. அவர் துபாயில் வேலை முடிந்து அறைக்கு வரும்போது எட்டரை. இங்கே பத்து மணி. கண்ணைக் கசக்கிக்கொண்டே திரைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போவாள்.

விடுப்பில் ஊர் வந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போய் என் கைப்பேசியை எடுத்து வந்து அவரிடமே காட்டி, "வாப்பா" என்றாள். யாரோ விருந்தாளிக்குத் தன் வாப்பாவை அறிமுகம் செய்கிறாளாம்! எல்லாரும் சிரித்தோம், அவருக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. எங்கள் ஊர் இனிப்பான தொதலில் ஒரு துண்டைக் காட்டிக் கூப்பிட்டார். தொதலை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த அறையில் இருந்து வீடியோவில் அழைத்து, பேசிக்கொண்டே நடந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். திரையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், மறுபடி திரை. பிறகு விரலால் அவர் மூக்கை அமுக்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இல்லை போல. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். அப்புறம் இன்னொரு தடவை அமுக்கினாள்.

தொண்டிப் பக்கம், கிராமச் செவிலியர், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

தங்கச்சி, மண் தின்கிறான் என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், என்னால் விட முடியவில்லை. இந்த வயதில் எதையும் வாயில் வைப்பார்கள், உண்மைதான். ஆனால் தேடித் தேடித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். என் மூத்தவன் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றவன். நானே செவிலியர், நானே கவனிக்கவில்லை. ரத்தம் பார்த்துவிடுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்திலேயே உண்டு, கேட்டு வாங்குங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

மற்றபடி, ஊசி போடும்போது அப்பாக்களையே பிடிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் அறையை விட்டே வெளியே போய்விடுவார்கள்.

மீண்டும் ராமேசுவரத்திலிருந்து:

அக்கா, ரத்தம் பார்த்தாயிற்று. குறைவுதான், மருந்து ஓடுகிறது. இந்த முறை கையைப் பிடித்தது அவர். இரண்டு நாள் என்னிடம் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தான். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஜூனில் அவர் கடலுக்குத் திரும்பியதும் நான்தான் அம்பா பாட வேண்டியதாயிற்று. இழுக்கும் இடம் எது, மூச்சு விடும் இடம் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. தூளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து முறைக்கிறான். இன்னொரு தொல்லை: டீசலும் மீனும் மணக்கிற எல்லாரும் இப்போது அவனுக்கு "அப்பா". நேற்று வாசலுக்கு வந்த மீன்கார ஆச்சியையும் அப்படித்தான் கூப்பிட்டான். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்னடா மகனே" என்று கேட்டுவிட்டு இரண்டு நகரை மீனைச் சும்மா போட்டுவிட்டுப் போனார்.