புதைத்த நாய் வேலி: பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் நாய் தாண்டி ஓடுகிறது. உதவி தேவை

பிரவுனி_அப்பா: அவசரம். யார்டைச் சுற்றி மண்ணுக்குள் ஒயர் புதைத்துப் போட்ட நாய் வேலி (நாய் ஒயரை நெருங்கினால் கழுத்துக் காலர் பீப் அடிக்கும், மீறினால் ஷாக் கொடுக்கும்) திடீரென்று வேலை செய்யவில்லை. இன்று காலை பிரவுனி ரோடு வரை போய்விட்டான், அதுவும் ஸ்கூல் பஸ் வரும் நேரத்தில். பேட்டரி புதிது, எல்லாம் பார்த்தாகிவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ராலேக்காரன்: எந்த மாடல்? ஒயருக்குச் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் விளக்கு எரிகிறதா, பீப் அடிக்கிறதா? ‘எல்லாம்’ என்றால் எதையெல்லாம் பார்த்தீர்கள்?

சார்லட்_மணி: மின்னல்தான், சந்தேகமே வேண்டாம். தரையில் அவ்வளவு நீளத்துக்கு ஒயர் கிடந்தால் அருகில் இடி விழும்போது டிரான்ஸ்மிட்டர் அடிவாங்கும். யார்டைச் சுற்றிவரும் லூப் ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன ஒயர் துண்டை மாட்டி, காலரை அதன் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். காலர் கத்தினால் பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது. கத்தாவிட்டால் பெட்டி போச்சு.

டர்ஹம்_தேவி: என்ன நாய்? முடி அடர்ந்த இனம் என்றால் காலரின் உலோக முனைகள் தோலைத் தொடாது. நீள முனைகள் தனியாகக் கிடைக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். அதற்காக நாள் முழுக்க மாட்டி வைக்காதீர்கள், 12 மணி நேரத்துக்கு மேல் போனால் கழுத்தில் புண் வந்துவிடும்.

பிரவுனி_அப்பா: லாப்ரடார், 2 வயது. பச்சை விளக்கு எரிகிறது, பீப் இல்லை. அரை ஏக்கர், நார்த் கரோலினாவின் கேரியில். காலரை ஒயருக்கு மேலேயே வைத்தால் கத்துகிறது, ஒரு அடி தள்ளினால் சத்தமே இல்லை. முன்பு ஆறு அடியிலேயே கத்தும். ரேஞ்சு குமிழை முழுக்கத் திருப்பியும் பார்த்தேன்.

மீட்டர்_மாமா: இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் மூன்று பேரின் நேரம் மிச்சமாகியிருக்கும். மின்னல், முடி என்று குறி சொல்பவர்களும் கொஞ்சம் அடிப்படையைப் படித்துவிட்டு வரவும். ஒயர் வழியாகப் போகும் சிக்னலைத்தான் காலர் பிடிக்கிறது. ஒயரில் ஓடும் கரண்ட் குறைந்தால் வேலியின் அகலமும் குறையும். ஒயர் அறுந்தே போனால்தான் பெரும்பாலும் அலாரம் அடிக்கும், பாதி கெட்ட இணைப்புக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மல்டிமீட்டர் இருக்கிறதா? லூப்பின் இரண்டு முனைகளையும் பெட்டியிலிருந்து கழற்றி ஓம் (ஒயரின் மின்தடை) பாருங்கள். 20 கேஜ் (தடிமன் அளவு) செம்பு ஒயர் 1000 அடிக்குச் சுமார் 10 ஓம். உங்கள் அரை ஏக்கருக்கு 600 அடி என்று வைத்தால் 6, 7 ஓம் வரவேண்டும்.

டர்ஹம்_தேவி: மாமா, பதற்றத்தில் எழுதியவரிடம் இப்படியா பேசுவது? நாய் ரோட்டுக்குப் போயிருக்கிறது.

வேல்ஸ்_வாசி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேல்ஸில் இந்த ஷாக் காலரை 2010லேயே தடை செய்துவிட்டார்கள், வேலியோடு வேலை செய்யும் காலரும் அதில் அடக்கம். வாயில்லாப் பிராணிக்கு ஷாக் கொடுத்துத்தான் வளர்க்கவேண்டுமா? மரவேலி போட்டால் என்ன?

ராலேக்காரன்: பல இடங்களில் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) முன் யார்டில் வேலி போட விடாது ஐயா. முறையாகப் பழக்கிய நாய் பீப் கேட்டதுமே திரும்பிவிடும், ஷாக் வரை போகாது.

வேல்ஸ்_வாசி: பீப்புக்குத் திரும்புகிறது என்றால் ஷாக்கின் வலியை ஏற்கெனவே அறிந்திருக்கிறது என்றுதானே பொருள்?

சார்லட்_மணி: எனக்கு வேறு கவலை. இந்த வேலி நாயை உள்ளே வைக்கும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நார்த் கரோலினாவின் 100 கவுண்டிகளிலும் (மாவட்டம் மாதிரி) கயோட்டி என்ற ஓநாய் போன்ற காட்டு விலங்கு உண்டு. சின்ன நாய் வைத்திருப்பவர்கள் இதை நம்பி வெளியே தனியாக விடக்கூடாது.

பிரவுனி_அப்பா: பக்கத்து வீட்டில் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். 74 ஓம். மழை பெய்ததிலிருந்து மோசமாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். போன மாதம் ஃபைபர் இணையம் போட வந்தவர்கள் முன் யார்டில் குழி தோண்டினார்கள், அது காரணமாக இருக்குமா?

ராலேக்காரன்: அதேதான்! ஒயரை வெட்டிவிட்டு, முறுக்கி டேப் சுற்றி மூடியிருப்பார்கள்.

டர்ஹம்_தேவி: தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணைக் கூப்பிட்டு, மண்ணுக்குள் இருக்கும் லைன்களைக் காட்ட நிறம் போட்டிருப்பார்களே?

மீட்டர்_மாமா: 811இல் வருபவர்கள் கேஸ், கரண்ட், கேபிள் மாதிரி நிறுவனங்களின் லைன்களைத்தான் குறிப்பார்கள். நாய் வேலி வீட்டுக்காரரின் சொந்த லைன், அதைக் குறிக்கமாட்டார்கள். யார் தோண்ட வந்தாலும் வீட்டுக்காரரே சின்னக் கொடி நட்டுக் காட்டவேண்டும். பிரவுனி_அப்பா, அந்தக் குழியைத் திறந்து பாருங்கள். செம்பு பச்சையாகியிருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டுங்கள், நீளம் போதாவிட்டால் அதே கேஜில் ஒரு துண்டு சேருங்கள். கிரீஸ் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் கனெக்டர்தான் போடவேண்டும், கருப்பு டேப் மண்ணுக்குள் நிற்காது. மூடுவதற்கு முன் மறுபடி ஓம் பாருங்கள். காலரை நகர்த்திச் சோதிக்கும்போது பட்டையைப் பிடியுங்கள், உலோக முனையில் கை படக்கூடாது.

சார்லட்_மணி: அந்தக் குழியில் ஒன்றும் இல்லையென்றால்?

மீட்டர்_மாமா: லூப்பின் நடுவில் ஓர் இணைப்பைப் பிரித்து, தனி ஒயர் ஒன்றை அங்கே வரை இழுத்து, ஒவ்வொரு பாதியாக அளக்கவேண்டும். ஓம் அதிகம் காட்டும் பாதியை மறுபடி இரண்டாக்கவேண்டும். ஏ.எம். ரேடியோவை வைத்துத் தேடும் முறை முழுதாக அறுந்த ஒயருக்குத்தான் நன்றாகச் சரிவரும், இதற்கு அல்ல.

பிரவுனி_அப்பா: கிடைத்துவிட்டது. குழிக்குள் டேப் சுற்றிய முறுக்கு, உள்ளே எல்லாம் பச்சை. வெட்டி கனெக்டர் போட்டாயிற்று, இப்போது 7 ஓம். ஆறு அடியில் கத்துகிறது. எல்லோருக்கும் நன்றி, மாமாவுக்கும். வேலைக்குக் கிளம்புகிறேன்.

டர்ஹம்_தேவி: உடனே தனியாக விட்டுவிடாதீர்கள். தாண்டினாலும் ஒன்றும் ஆகாது என்று அவன் தெரிந்துகொண்டான். எல்லை நெடுகக் கொடிகளை நட்டு, லீஷில் பிடித்துக்கொண்டு, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் முதலிலிருந்து பழக்குங்கள். பீப்புக்குத் தானாகத் திரும்புகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் லீஷைக் கழற்றவேண்டும்.