என்எஃப்1, விஹெச்எல் இருப்பவர்கள்: கண் பரிசோதனையில் உங்களுக்கு என்ன தெரிந்தது?

என் மகளுக்கு உடம்பெல்லாம் பால்காபி நிறத் திட்டுகள். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆறுக்குக் குறையாமல் இருந்ததால், நரம்புகளில் கட்டிகள் வளரும் பரம்பரை நோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகையாக, அதாவது என்எஃப்1 ஆக இருக்கலாம் என்று சொல்லிக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. டாக்டர் அத்தோடு விடவில்லை. "அப்பா, நீங்க உட்காருங்க" என்றார். ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவி முன்னால் தாடையை வைத்தேன்; மெல்லிய வெளிச்சக் கீற்று கண்ணின் குறுக்கே நகர்ந்தது. இரண்டு கண்ணிலும் என்எஃப்1இன் அடையாளமான லிஷ் முடிச்சுகள்! போட்டோ எடுத்துக் காட்டினார்: ஐரிஸின் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) பழுப்பு நிறத்தின் மேல் வெளிர் மஞ்சளாகக் குட்டிக் குட்டி மேடுகள். மச்சம் என்றால் தட்டையாக இருக்குமாம், இவை எழும்பி நிற்கும். சின்ன வயதில் பலருக்கு இருக்காது. 20 வயதைத் தாண்டிய என்எஃப்1காரர்களில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். முதுகில் இருந்த திட்டுகளைப் பிறவி மச்சம் என்று இத்தனை நாள் நினைத்திருந்த எனக்கும் அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. பார்வைக்கு இவற்றால் ஒரு கெடுதலும் இல்லை என்கிறார்கள். உங்களுக்கு எப்படி?

• • •

முடிச்சை விடுங்கள், அது வெறும் அடையாளம். கவனிக்க வேண்டியது பார்வை நரம்பில் வரும் கிளையோமா கட்டி. என்எஃப்1 குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேருக்கு வரும், பெரும்பாலும் 7 வயதுக்குள். என் மகன் ஒரு நாளும் 'கண் தெரியலை' என்று சொன்னதில்லை. விளையாட்டாக வலது கண்ணைப் பொத்தினால் சும்மா இருப்பான்; இடது கண்ணைப் பொத்தினால் கையைப் பிடித்துத் தள்ளுவான். சேட்டை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வலது கண்ணில் பார்வை குறைந்திருந்தது. எம்ஆர்ஐயில் கட்டி தெரிந்ததும் உடனே மருந்து தரவில்லை, பல கட்டிகள் வளராமல் அப்படியே நின்றுவிடும் என்பதால். பார்வை மேலும் இறங்கிய பிறகுதான் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் கீமோ. கதிர்வீச்சு வேண்டாம் என்றார்கள்; என்எஃப்1 இருந்தால் அதனால் வேறு கட்டி வரும் ஆபத்து கூடுதல். போன பார்வை திரும்பவில்லை, இருப்பது நிற்கிறது. உங்கள் மகளுக்கு இப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். அப்புறம், வயதுக்கு மீறி வேகமாக உயரம் கூடினாலோ சீக்கிரமே பருவ மாற்றங்கள் தெரிந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தக் கட்டியால் அதுவும் நடக்கும்.

• • •

எனக்கு இருப்பது வேறு: வான் ஹிப்பல்-லிண்டாவ், அதாவது விஹெச்எல். விழித்திரையில் ரத்தக்குழாய்க் கட்டிகள் வரும் பரம்பரை நோய். ஓரத்தில் சின்னதாக இருந்தபோதே பிடித்ததால் லேசரில் முடிந்தது. பார்வை நரம்பின் மேலேயே வந்தால் லேசர் வைப்பது கஷ்டமாம். தங்கையும் மரபணு டெஸ்ட் எடுத்தாள், அவளுக்கு இல்லை. சரி, கண் பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு மங்கலாக உட்காரும் வேலையாவது அவளுக்கு மிச்சம்.