‘லொகின் போட்டா விலை வெளியில போகாது’ எண்டு எழுதினவருக்கு

வாவிக்கரையான் | இரவு 8.12

பக்கத்து இழையில ‘பிளகின்பித்தன்’ எழுதி வச்சிருக்கிறது இது: “வேர்ட்பிரஸில ஒரு வெப்சைட், அதில கடை நடத்துற வூகொமர்ஸ் எண்ட பிளகின் (மேலதிகச் செருகல்), அதுக்கு மேல ‘விலை பார்க்க லொகின் செய்யவும்’ எண்டு ஒரு பிளகின். மொத்த வியாபாரத்துக்கு ஒன்லைன் கடை ஒரே நாளில ரெடி. லொகின் போட்டா விலை வெளியில போகாது.” அதுக்குக் கீழ ஆளாளுக்குக் கைதட்டல் வேற.

போகும். இப்பவே போய்க்கொண்டிருக்கு. அந்த வகைப் பிளகின்களில அனேகமானது திரையில விலை எழுதுற இடத்தை மட்டும்தான் துடைக்கிறது. கூகுளுக்கெண்டு வூகொமர்ஸ் ஒவ்வொரு பொருள்ட பக்கத்துக்குள்ளயும் ஒரு தரவுத்துண்டு எழுதி வைக்கும். அதுக்குள்ள விலை அப்பிடியே கிடக்கும். லொகின் செய்யாம, மறைநிலை ஜன்னலில பக்கத்தைத் திறந்து, கொன்ட்ரோல் யூ அடிச்சு, பக்கத்துக்குப் பின்னால கிடக்கிற கோட்டை, அதாவது மூலத்தை எடுத்து, ‘பிரைஸ்’ எண்ட ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பாருங்க. ஸ்டோர் ஏபிஐ எண்டு மற்ற சொஃப்ட்வெயர் வந்து தரவு எடுக்கிற இன்னொரு வாசல் இருக்கு, அதுக்குப் பூட்டே இல்ல. முழுப் பட்டியலையும் விலையோட தரும். சதக் கணக்கில தரும், அதால 1,250 ரூபா ‘125000’ எண்டு வரும். வேற ஆர்ட விலையோ எண்டு யோசிக்க வேணாம், உங்கட விலைதான்.

கேள்வி ஒண்டுதான். மூலத்தைத் திறந்து பார்த்தீங்களா, இல்லையா?

பிளகின்பித்தன் | இரவு 8.31

அண்ணனுக்கு வணக்கம். பில் பிரிண்டர் இழையில வாங்கிக் கட்டினது இன்னும் ஆறல்ல போல.

முதல்ல மொத்த விலை எங்க சேமிக்கிறதெண்டு தெரியுமா? ஒழுங்கான மொத்த வியாபாரப் பிளகினில வாடிக்கையாளர் வகைக்கு வகை விலை எழுத வேற புலம், அதாவது வேற கட்டம். வழமையான விலை எண்ட கட்டத்தில பக்கட்டில அச்சடிச்ச எம்ஆர்பி எண்ட உச்ச சில்லறை விலை. கூகுளுக்குப் போறதும் அதுதான், ஏபிஐயில தெரியிறதும் அதுதான். பக்கட்டில அச்சடிச்சுக் கிடக்கிற விலையை மறைச்சு ஆருக்கு என்ன லாபம்?

லொகின் போட்டா மொத்த விலை வெளியில போகாது. திரும்பவும் சொல்றன், போகாது.

காத்தான்குடி_காக்கா | இரவு 8.40

தம்பிமாரே, கம்ப்யூட்டர் கதை எனக்கு வேணாம். ரொக்கத்துக்கு ஒரு விலை, முப்பது நாள் கடனுக்கு ஒரு விலை, பத்துக் கட்டு எடுக்கிறவனுக்கு வேற ஒரு விலை. பிரதான வீதியில அடுத்தடுத்த ரெண்டு கடைக்கு ரெண்டு விலை குடுக்கிறதுதான் மொத்த வியாபாரம். அதை ஊருக்கெல்லாம் காட்டினா அடுத்த நாள் காலையில ரெண்டு பேரும் கடை வாசலில நிப்பாங்க. லொகின் போட்டா விலை தெரியாது. எங்களுக்கு அது காணும்.

வாவிக்கரையான் | இரவு 8.58

காக்கா, தெரியுது எண்டுதானே சொல்றன்.

பித்தன் தம்பிக்கு: வேற புலத்தில போடுறது சரி. ஆனா நீங்க எழுதின ஒரு நாள் கடையில அந்தப் புலம் எங்க? ‘விலை மறை’ எண்ட பிளகின் வேற, ‘மொத்த விலை’ பிளகின் வேற. இலவசமா வாற மறைக்கிற பிளகினை மட்டும் போட்டவன் மொத்த விலையைத்தான் வழமையான விலைக் கட்டத்தில அடிப்பான், வேற கட்டம் அவன்ட கண்ணில படாது. துணிக்கட்டுக்கு எங்க எம்ஆர்பி? பிளாஸ்டிக் வாளிக்கு?

அதையும் தாண்டி கேஷ் ஒண்டு இருக்கு, காசு இல்ல, பக்கத்தை ஒருக்காச் சேமிச்சு வச்சு வாறவனுக்கெல்லாம் அதையே குடுக்கிறது. கேஷ் பிளகின்கள் லொகின் செய்தவருக்குப் பக்கத்தைச் சேமிக்காம விடுறதுதான் வழமை. சைட் மெதுவா ஓடுதெண்டு ஆரோ ஒருத்தர் ‘லொகின் செய்தவர்களுக்கும்’ எண்ட பெட்டியில சரி போடுவார். இல்லாட்டி சைட்டுக்கு முன்னால நிண்டு பக்கத்தைச் சேமிச்சுக் குடுக்கிற கிளவுட்பிளேயர் சேவையில ‘எல்லாத்தையும் கேஷ் பண்ணு’ எண்டு ஒரு விதி எழுதி, லொகின் அடையாளம் வைக்கிற குக்கி இருந்தா விலகிப் போ எண்டு எழுத மறந்திடுவார். மறுகா என்ன? காக்காட சிறப்பு விலையோட திறந்த பக்கம் அப்பிடியே உறைஞ்சு, அடுத்து வாற வழிப்போக்கனுக்குப் போகும். சில நேரம் மேல மூலையில காக்காட பேரோடயே போகும். வண்டில் (சாமான் சேர்க்கிற கூடை), செக்அவுட் (காசு கட்டுற இடம்), என் கணக்கு மூண்டு பக்கத்தையும் கேஷில இருந்து விலக்கினா காணாது. விலை ஆளுக்காள் மாறுற கடையில பொருள் பக்கமும் பட்டியல் பக்கமும் லொகின் குக்கியைப் பார்த்துத்தான் நடக்க வேணும்.

மூலத்தைத் திறந்து பார்த்தீங்களா?

சிட்டைக்கொப்பி | இரவு 9.07

விலை விலை எண்டு தொண்டை கிழியுது. பெட்டிக் கணக்கை ஒருத்தரும் கேட்கல்ல.

24 பக்கட் பெட்டியையும் தனிப் பக்கட்டையும் ஒரே பொருள்ட ரெண்டு வகையாப் போடுவாங்க. ஸ்டொக் தாய்ப் பொருளில பொதுவா இருக்கட்டும் எண்டு விடுவாங்க. பெட்டி ஒண்டு வித்தா ஸ்டொக்கில 24 குறையாது, 1தான் குறையும். பத்துப் பெட்டி போனா 240 பக்கட் போயிருக்கும், கணக்கில பத்துதான் போயிருக்கும். அடுத்த ஓடருக்கு ‘இருப்பு உண்டு’ எண்டு பச்சை எழுத்து. களஞ்சியத்தில பல்லி.

ரெண்டு வழிதான். ஸ்டொக் எப்பவும் ஆகச் சின்ன அலகில, ஓடருக்குக் குறைஞ்ச அளவு 24, கூட்டுற படியும் 24. இல்லாட்டி ஸ்டொக் குறைக்கிற இடத்தில பெருக்கி விடுற சின்னக் கோட் துண்டு. முதலாவது காணும், உடையவும் மாட்டாது.

கல்முனை_பொடியன் | இரவு 9.15

இதுக்குத்தான் மாச வாடகைக்கு ஒன்லைன் கடை தாற ஷொப்பிஃபை போடுங்க எண்டுறது. 2022 இலயே பிளஸ் திட்டத்தில மொத்த வியாபாரத்துக்கெண்டு தனி வசதி குடுத்திட்டாங்க. கம்பனிக் கணக்கு, கம்பனிக்குத் தனி விலைப்பட்டியல், பெட்டிக்கு எத்தினை எண்ட விதி, முப்பது நாள், அறுபது நாள் தவணை எல்லாம் உள்ளுக்கே இருக்கு.

வாவிக்கரையான் | இரவு 9.21

பிளஸ் திட்டத்துக்கு மாசம் 2,000 டொலருக்கு மேல. ரூபாவுக்கு மாத்திப் பார்த்திட்டு வாங்க, காத்திருக்கிறன். அதோட அவங்கட சொந்தக் கொடுப்பனவுச் சேவை ஷொப்பிஃபை பேமன்ட்ஸ் இலங்கைக்கு இல்ல. ஒன்லைனில காசு வாங்கித் தாற இங்கத்த கேட்வே போட்டா பேசிக் திட்டத்தில ஒவ்வொரு ஓடருக்கும் 2 வீதம் அவங்களுக்குத் தனியாக் கட்ட வேணும். மொத்த வியாபாரத்தில ரெண்டு வீதம் எண்டா என்னெண்டு காக்காட்டக் கேளுங்க.

கல்முனை_பொடியன் | இரவு 9.26

அரைகுறை. வங்கி மாற்றம், செக் மாதிரிக் கையால பதியிற கொடுப்பனவுக்கு அந்த 2 வீதம் இல்ல. வங்கிக் காட்டை ஆர் தட்டுறான் மொத்தக் கடையில? எல்லாம் செக்தான். மட்டக்களப்பு ஆக்களுக்கு எல்லாத்திலயும் அரை விஷயம் தெரியும், முழுச் சத்தம் போடுவாங்க.

வாவிக்கரையான் | இரவு 9.33

கையால பதியிறதுக்கு இல்லத்தான். கேட்வேயைத்தான் சொன்னன், வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு விளங்கும். கல்முனையில வாசிக்கிற பழக்கம் எப்பிடி எண்டு தெரியல்ல.

செக்கைப் பற்றிக் கதைக்கிறதெண்டா ஒழுங்காக் கதைப்பம். கடன் எல்லை 300,000 எண்டு வச்ச ஒருத்தர் 280,000க்குப் பின்திகதி போட்ட செக் தந்திட்டார் எண்டு வைங்க. சொஃப்ட்வெயரில உடனே ‘கட்டியாச்சு’ எண்டு போட்டா அவருக்கு எல்லை திரும்ப 300,000. திரும்பவும் ஓடர் போடுவார். செக் இன்னும் லாச்சிக்குள்ள கிடக்கு. செக் திரும்பினா உங்கட காசு 580,000 வெளியில. கையில வந்த செக், வங்கியில போட்ட செக், காசான செக் எண்டு மூண்டு நிலை வேணும். மூண்டாவதுக்குத்தான் எல்லை திரும்ப வேணும். அனுப்பாத ஓடரையும் எல்லைக்குள்ள எண்ண வேணும். கடன் எல்லை தாற பிளகினில அனேகமானது இதை எண்ணாது, வாங்க முதல் பரிசோதிச்சுப் பாருங்க.

வூகொமர்ஸில செக் எண்ட கொடுப்பனவு முறையில வாற ஓடர் ‘நிறுத்தி வைப்பு’ நிலைக்குப் போகும், ஸ்டொக்கும் குறையும், தானா ரத்தாகாது. வங்கிக் காட்டால காசு கட்டாம விட்ட ஓடர்தான் 60 நிமிஷத்தில ரத்தாகும். ஆரோ புதுசா ‘கடன்’ எண்டு ஒரு முறை எழுதி அதை ‘கொடுப்பனவு நிலுவை’ நிலையில விட்டா, ஒரு மணித்தியாலத்தில ஓடர் போயிடும், கடைக்காரன் போன் எடுத்து ஏசுவான். இதெல்லாம் ஒரே நாளிலயா தம்பி? விலையை மறைக்கவே ஒரு நாள் காணாது.

படுவான்கரை | இரவு 9.48

ஒரு சின்னச் சந்தேகம். எந்த விலையை மறைக்கிறதைப் பற்றிக் கதைக்கிறீங்க? எம்ஆர்பியா, பட்டியல் விலையா, கழிவு போன பிறகு வாற விலையா?

மற்றது முப்பது நாள் தவணை எங்கட பக்கம் சரிவராது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கடைக்குக் காசு வாறது வெள்ளாமை வெட்டினாப் பிறகு, மாசி பங்குனியில. தவணையை நாளில வைக்காம ஒரு திகதியில வைக்க வழி இருக்கா?

காத்தான்குடி_காக்கா | இரவு 9.52

விலை எண்டா விலைதான் தம்பி, எந்த விலை எண்டு கேள்வி வேறயா? லொகின் போட்டா தெரியாது.

சட்டத்தரணி_இல்லை | இரவு 10.03

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். வியாபாரி விலையைக் கடையில பார்வைக்கு வைக்க வேணும் எண்டு இருக்கு, மொத்த வியாபாரிக்கும்தான். விலையை மறைக்க ஐடியா சொல்ற ஆக்கள் அதையும் ஒருக்கா வாசிச்சா நல்லது.

பிளகின்பித்தன் | இரவு 10.09

அது வியாபார இடத்தில தொங்கவிடுறதுக்கு. வெப்சைட்டில என்ன ஆணியா அடிக்கிற? பேரிலயே ‘இல்லை’ எண்டு போட்டுக்கொண்டு சட்டம் கதைக்கிறார்.

வாவிக்கரையான் அண்ணன் இவ்வளவு நேரம் எழுதினதில என்ட பிளகினைப் பிழையெண்டு காட்டின ஒரு வரி இல்ல. கேஷை ஆரோ பிழையாப் போட்டா அது ஆரோட பிழை? கத்தி கையை வெட்டினா கத்திக் கடைக்காரனை ஏசுவீங்களா?

சிட்டைக்கொப்பி | இரவு 10.17

விலைப்பட்டியல் ஏத்துறதையும் சொல்லிட்டுப் போறன், ஒரு நாள் கடைக்காரருக்குப் பயன்படும். சீனி, பருப்பு விலை மாறுற நாளில சீஎஸ்வி எண்ட அட்டவணைக் கோப்பில ரெண்டே நிரல் போதும், பொருள் குறியீடும் விலையும். ‘இருக்கிற பொருளைப் புதுப்பி’ எண்ட பெட்டியில சரி போட வேணும். போடாம விட்டா ஒரு விலையும் மாறாது, குறியீடு ஏற்கெனவே இருக்கெண்டு எல்லா வரியையும் தாண்டிப் போயிடும்.

குறியீடா பார்கோடைப் பாவிக்கிறவங்க கவனம். எங்கட நாட்டு முன்னெண் 479. எக்ஸெலில திறந்து சேமிச்சா 13 இலக்கமும் ‘4.79இ+12’ ஆகிடும். அந்தக் கோப்பை ஏத்தினா உள்ளூர்ச் சாமான் அனேகமானதுக்கு ஒரே குறியீடு. அந்த நிரலை எழுத்து எண்டு மாத்திப் போட்டுத்தான் திறக்க வேணும்.

வற் எண்ட பெறுமதி சேர் வரியையும் கவனிங்க. 18 வீதம் 2024 தைமாதத்தில இருந்து. வற் சேர்ந்த 1,180 ரூபாவில இருந்து வற்றைக் கழிக்கிறதுக்கு 1,180ட 18 வீதத்தைக் கழிச்சு 967.60 எண்டு பட்டியல் போடுறாங்க. 118 ஆல பிரிச்சு 100 ஆல பெருக்க வேணும், 1,000தான் வரும். பெட்டிக்கு 32.40 நட்டம். வற் பதிவுள்ள வாடிக்கையாளர்ட வரி இலக்கத்தைப் பதியிற நேரமே வாங்குங்க. பில்லில அது இல்லாட்டி அவர் உள்ளீட்டு வரி, அதாவது சாமானுக்குக் கட்டின வற், கழிக்கக் கேட்க ஏலாது, பில்லைத் திருப்பி அனுப்புவார்.

வாவிக்கரையான் | இரவு 10.29

சிட்டைக்கொப்பி எழுதினது சரி. ஆனா இழை அதுக்கில்ல.

வழி கேட்டு ஒருத்தரும் வரல்ல, இருந்தாலும் சொல்றன். விலையைத் துடைக்கிற இடம் திரை இல்ல. லொகின் செய்யாதவருக்கு விலையே வெறுமையாப் போகவேணும், அந்தப் பொருள் வாங்க முடியாததாகவும் இருக்க வேணும். விலை வெறுமையா இருந்தா கூகுள் துண்டிலயும் வராது. ஸ்டோர் ஏபிஐயைத் தனியாச் சோதிக்க வேணும், ஏனெண்டா செக்அவுட் புளொக் அதை வச்சுத்தான் ஓடுது, கண்ணை மூடிக்கொண்டு அடைச்சா வண்டிலும் சேர்ந்து நிக்கும். பிறகு கேஷை முழுசா அழிச்சு, ரெண்டு போனில, ஒண்டில லொகினோட மற்றதில இல்லாம, பத்துப் பொருள் பார்க்க வேணும்.

கல்முனை_பொடியன் | இரவு 10.34

படுவான்கரை அண்ணனுக்கு: டெலிவரி வலயத்தை அஞ்சல் குறியீட்டால பிரிங்க. 30 நட்சத்திரம் (30*, 30 இல துவங்கிற எல்லாம்) எண்டா மட்டக்களப்பு மாவட்டம், 32 நட்சத்திரம் எண்டா அம்பாறை. ஆனா கடைக்காரர் குறியீடு அடிக்க மாட்டார், ஊர்ப் பேரை அடிப்பார், ஓடர் ‘ஏனைய இடங்கள்’ வலயத்தில விழும். கணக்கை அனுமதிக்கிற நேரம் நீங்களே குறியீட்டைப் போட்டுப் பூட்டுங்க. லொறி வவுணதீவால சுத்துறதை விட்டிட்டு மண்முனைப் பாலத்தால விடுங்க, 2014 இல திறந்தது, இன்னும் சிலருக்குத் தெரியாது.

படுவான்கரை | இரவு 10.38

பாலம் எங்களுக்குத் தெரியும் தம்பி, நாங்கதான் அதில போறவங்க. கேட்டது தவணைத் திகதி.

காத்தான்குடி_காக்கா | இரவு 10.41

இவ்வளவு எழுதி என்ன. லொகின் போட்டா விலை தெரியாது. நான் பார்த்தன், தெரியல்ல.

வாவிக்கரையான் | இரவு 10.44

எதில பார்த்தீங்க காக்கா? திரையிலயா, மூலத்திலயா?

காத்தான்குடி_காக்கா | இரவு 10.45

போனில.

வாவிக்கரையான் | இரவு 10.47

சரி. பித்தன் தம்பி, மூண்டாவது தரம் கேட்கிறன். மூலத்தைத் திறந்து பார்த்தீங்களா?

பிளகின்பித்தன் | இரவு 11.02

பார்த்தன். ஸ்கிரீன்ஷொட் போட மாட்டன்.

வாவிக்கரையான் | இரவு 11.03

ஏன்?

பிளகின்பித்தன் | இரவு 11.05

பிரிண்டர் இழையில நீங்க போட்டீங்களா?