ஹொக்கைடோ பனியில் கார் ஓட்டலாமா?

ஈசூன்வாசி:
டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போகிறோம். நியூ சிதோசே விமான நிலையத்தில் வாடகைக் காரை எடுத்து நேரே பனிச்சறுக்கு ஊரான நிசெக்கோ போவதாகத் திட்டம். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் ஒரு தைரியம். ஆனால் பனியில் ஓட்டியதே இல்லை. ஃபோர் வீல் டிரைவ் எடுத்தால் போதுமா? அம்மாவும் வருகிறார்.

பொங்கோல் அண்ணாச்சி:
தம்பி, ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர். வேலைக்காக ஹொக்கைடோவின் தலைநகரான சப்போரோவில் இருந்தபோது நான் பயந்தது மலைப்பாதைக்கு அல்ல, ஊருக்குள் இருக்கும் சிக்னல்களுக்கு. முன்பு அங்கே ஆணி வைத்த டயர் போடுவார்கள். அது சாலையை அரைத்துத் தூசி கிளப்பியதால் 1990இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இப்போது எல்லாம் ஆணியில்லாத குளிர்கால டயர்தான், வாடகைக் காரிலும் அதுதான் இருக்கும். நல்ல டயர், ஆனால் வண்டிகள் நின்று நின்று கிளம்பும் இடத்தில் பனி தேய்ந்து கண்ணாடியாகிவிடும். நம் சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலையில் முன் வண்டியை ஒட்டிக்கொண்டு போவதுபோல் அங்கே போகாதீர்கள். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரை விடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் வேலை செய்யும்போது பெடல் காலடியில் தடதடக்கும். பயந்து காலை எடுக்காமல் அழுத்தியே பிடியுங்கள்.

இன்னொன்று, மைனஸ் பத்தைவிடப் பூஜ்ஜியம்தான் மோசம். ஐஸ் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும், பார்த்தால் வெறும் ஈரச் சாலை மாதிரி இருக்கும். பாலமும் சுரங்கப்பாதை வாயும் முதலில் உறையும்.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணே. ராத்திரி வெளியே நிறுத்தினால்?

பொங்கோல் அண்ணாச்சி:
'பி' கியரில் போட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் விடுங்கள், போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். வைப்பரைத் தூக்கி வையுங்கள். பனியில் சிக்கிக்கொண்டு ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டால், முதலில் சைலன்சர் குழாயைச் சுற்றி உள்ள பனியை அள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். இதில் விளையாட்டே வேண்டாம்.

தெம்பனிஸ் மீனா:
சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே ஏஏ சிங்கப்பூர் (வாகன ஓட்டிகள் சங்கம்) வழியாக எடுத்துவிடுங்கள். நம் லைசென்ஸ் மட்டும் ஜப்பானில் செல்லாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், அம்மாவை வைத்துக்கொண்டு இந்த வீரம் எதற்கு? நிசெக்கோவுக்கு விமான நிலையத்திலிருந்தே பஸ் இருக்கிறது.

பொங்கோல் அண்ணாச்சி:
மீனா சொல்வது சரி. சப்போரோவிலிருந்து நிசெக்கோ போகும் வழியில் இருக்கும் நகாயாமா கணவாயில் காற்றோடு பனி அடித்தால் முன்னால் ஒன்றுமே தெரியாது. சாலை ஓரம் எங்கே என்று காட்ட மேலே சிவப்பு வெள்ளை அம்புக்குறி தொங்கும், அதைப் பார்த்துத்தான் ஊர்ந்து போகவேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஈசூன்வாசி:
சரி, போக வர பஸ். நிசெக்கோவில் பகலில் மட்டும் ஒரு நாள் கார் எடுத்துப் பார்க்கிறேன். அம்மா ஹோட்டலிலேயே இருக்கட்டும்.